இருமினால் கசிகிறது, சாவியைப் போட்டால் முட்டுகிறது

சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை இறக்கம், பிரசவத்துக்குப் பிந்தைய தொல்லைகள் பற்றிக் கேட்கலாம் என்று சென்ற இதழில் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பலவற்றில் பெயரே இல்லை. இருந்த பெயர்களையும் எடுத்துவிட்டு ஊரையும் வயதையும் மட்டும் வைத்திருக்கிறோம். பதில்களை மகளிர் மருத்துவரும் பிசியோவும் சேர்ந்து எழுதியிருக்கிறார்கள்.

டாக்டர் அம்மா, எனக்கு 46 வயது. பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் வேலை. இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு தும்மினால் கொஞ்சம் நனையும். இப்போது ஆறு மாதமாக வறட்டு இருமல் வேறு. ஒவ்வொரு இருமலுக்கும் நனைகிறது. அரிசி மூட்டையைத் தூக்கினாலும் அப்படித்தான். சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பழகினால் சரியாகும் என்று ஒரு அக்கா சொன்னார். இரண்டு மாதம் செய்தும் பலன் இல்லை. ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறேன்.
— செந்தூல்

முதலில் அந்த இருமலைப் பார்ப்போம். நீங்கள் சாப்பிடும் கொதிப்பு மாத்திரையின் உறையில் பெரிண்டோப்ரில், எனலாப்ரில் என்று 'ப்ரில்' என முடியும் பெயர் இருக்கிறதா? இந்த வகை மருந்து சிலருக்கு சளியே இல்லாத வறட்டு இருமலைக் கொடுக்கும். மருந்து தொடங்கி சில மாதம் கழித்துக்கூட வரும். கிளினிக்கில் 'இந்த மாத்திரைக்குப் பிறகுதான் இருமல்' என்று சொல்லுங்கள். லோசார்டான் போன்ற வேறு வகைக்கு மாற்றித் தருவார்கள். இருமல் அடங்க சில வாரம் ஆகும். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அந்த மாத்திரை இல்லை என்றால் இத்தனை நாள் இருமலுக்கு நெஞ்சைப் பரிசோதிக்க வேண்டும். காசநோயும் ஆஸ்துமாவும் இப்படித்தான் தொடங்கும்.

இனி கசிவு. முன்னால் இருக்கும் இடுப்பெலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை, ஒரு தூளியைக் கட்டித் தொங்கவிட்டதுபோலத் தசைகள் இருக்கின்றன. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றும் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. பிரசவத்தில் அந்தத் தூளி இழுபட்டு நெகிழ்கிறது. இருமும்போது வயிற்றின் அழுத்தம் திடீரென்று ஏற, அந்த நேரத்தில் தூளி விறைத்துச் சிறுநீர்க் குழாயை நெரிக்கத் தவறினால் சொட்டு விழுகிறது. இந்த வகைக் கசிவுக்கு முதல் மருந்து பயிற்சிதான். அமெரிக்க மகளிர் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948இல் எழுதியதால் அவர் பெயரிலேயே வழங்குகிறது.

அந்த அக்கா சொன்னது நல்ல எண்ணத்தில்தான், ஆனால் சிறுநீரைப் பாதியில் நிறுத்துவது பயிற்சி ஆகாது. எந்தத் தசை என்று தெரிந்துகொள்ள ஒரே ஒருமுறை வேண்டுமானால் பார்க்கலாம். தினமும் செய்தால் பை முழுதாகக் காலியாகாமல் போகப் பழகிவிடும்.

செய்முறை இது. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். கூட்டத்தில் வாயு வெளியேறாமல் அடக்குவதுபோல ஆசனவாயை இறுக்குங்கள். அந்த இறுக்கத்தை அப்படியே முன்பக்கம் கொண்டுவந்து, சிறுநீரை அடக்குவதுபோல உள்ளே மேல்நோக்கி இழுங்கள். 'மேல்நோக்கி' என்பதுதான் முக்கியம். 3 விநாடி பிடிக்க முடிந்தால் 3 விநாடி போதும். முழுவதுமாகத் தளர்த்தி அதே அளவு நேரம் ஓய்வு. இப்படி 8 முதல் 10 முறை. பிறகு 'பட் பட்' என்று வேகமாக இறுக்கி விடுவது 10 முறை. ஒரு நாளைக்கு மூன்று வேளை. வாரத்துக்கு ஒரு விநாடி கூட்டிக்கொண்டே போய் 10 விநாடியில் நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வாரம் படுத்துச் செய்தபின் உட்கார்ந்து, அதற்கப்புறம் நின்றுகொண்டு. நிற்கும்போதுதானே இருமுகிறீர்கள்?

பலர் தவறுவது இங்கேதான்: இழுப்பதாக நினைத்துக்கொண்டு கீழே முக்குகிறார்கள். அது தூளியை இன்னும் நெகிழ்த்தும். ஒரு கைக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள். சரியாகச் செய்தால் பெண்ணுறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் உள்ள இடம் உள்ளே ஏறும். வெளியே புடைத்தால் நீங்கள் முக்குகிறீர்கள். கழுவிய விரலை இரண்டாவது கணு வரை உள்ளே வைத்தாலும் தெரியும்: விரலைச் சுற்றிப் பிடித்து மேலே இழுக்க வேண்டும். இறுக்கியபடியே ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணுங்கள். எண்ண முடியவில்லை என்றால் மூச்சை அடக்கியிருக்கிறீர்கள். பிட்டமும் தொடையும் இறுகக் கூடாது.

இதோடு ஒரு உத்தி: இருமல் வருகிறது என்று தெரிந்த அரை விநாடியில் முதலில் இறுக்குங்கள், பிறகு இருமுங்கள். மூட்டையைத் தூக்கும்போதும் முதலில் இறுக்கி, மூச்சை வெளியே விட்டபடி தூக்குங்கள். பழகினால் சில வாரத்திலேயே வித்தியாசம் தெரியும். தசை வலுவாவதற்குக் குறைந்தது 3 மாதம் வேண்டும். நீங்கள் இதுவரை செய்த இரண்டு மாதத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். நேரம் நினைவிருக்காது என்பவர்கள் வானொலியில் விளம்பரம் வரும்போது ஒரு சுற்று செய்யலாம். எடை அதிகம் என்றால் 5 முதல் 10 விழுக்காடு குறைத்தாலே கசிவு நன்றாகக் குறையும். 80 கிலோ உள்ளவருக்கு 4 முதல் 8 கிலோ.

மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் மாற்றம் இல்லை என்றால், குழாய்க்கு அடியில் சிறு பட்டை வைத்துத் தாங்கும் அறுவை சிகிச்சை முதலிய வழிகள் உண்டு. அங்கே போகும்முன் பிசியோ ஒருவர் நேரில் பார்த்து நீங்கள் செய்வது சரிதானா என்று சொல்லட்டும்.

எனக்கு 58. எல்ஆர்டி ரயிலில் வரும்போது ஒன்றும் தெரியாது. வீட்டு கேட்டில் சாவியைப் போட்டதும் முட்டிக்கொண்டு வருகிறது. குளியலறைக்குள் நுழையும்முன் பாதி போய்விடுகிறது. பேரங்காடிக்குப் போனால் முதலில் தண்டாஸ் (கழிப்பறை) எங்கே என்றுதான் பார்ப்பேன். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை போய்விடுவேன். தண்ணீரையும் மிகக் குறைத்துவிட்டேன். கெகல் செய்கிறேன், இது ஏன் நிற்கவில்லை?
— கெப்போங்

உங்களுடையது செந்தூல் வாசகிக்கு இருப்பதுபோல் தூளி நெகிழ்ந்த கதை இல்லை. உங்கள் பை அவசரப்படுகிறது. நிரம்பும் முன்பே தசை சுருங்கிவிடுகிறது. சாவி, குழாய்த் தண்ணீர்ச் சத்தம், குளிர்சாதனக் காற்று, இவையெல்லாம் அதற்கு மணி அடித்ததுபோல. நீங்கள் செய்துகொண்ட இரண்டு ஏற்பாடுகளும் அந்த அவசரத்தை வளர்க்கின்றன. அடிக்கடி காலி செய்தால் பை கொஞ்சத்துக்கே கத்தப் பழகும். தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் அடர்த்தியாகிப் பையின் சுவரை உறுத்தும், மலச்சிக்கலும் வரும். இறுகிய மலம் பையை நெருக்கும்.

முதல் வேலையாக மூன்று நாள் கணக்கு எழுதுங்கள். பழைய அளவுக் குவளை ஒன்றைக் குளியலறையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இப்படி இருக்கும்:

காலை 6.10, 350 மி.லி. எழுந்ததும்.
7.30, தே தாரேக் ஒரு கிளாஸ்.
8.15, 90 மி.லி. முட்டவில்லை, சும்மா போனேன்.
9.00, 110 மி.லி. ஓடினேன், கொஞ்சம் நனைந்தது.

இந்த நான்கு வரியைப் பார்த்தாலே எங்களுக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும். காலையில் 350 மி.லி. பிடிக்கிற பை, 90க்கும் 110க்கும் கத்துகிறது. பை சுருங்கிப் போகவில்லை, கெட்ட பழக்கம் பிடித்திருக்கிறது. வளர்ந்த பெண்ணின் பை சாதாரணமாக 400, 500 மி.லி. வரை தாங்கும். பகலில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை போவது இயல்பு.

இனி பையைப் பழக்க வேண்டும். இப்போது ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால், முதல் வாரம் 1 மணி 15 நிமிடம். அடுத்த வாரம் இன்னும் 15 நிமிடம். நேரம் வந்தால் முட்டினாலும் முட்டாவிட்டாலும் போங்கள். நேரத்துக்கு முன் முட்டினால் ஓடாதீர்கள். ஓடினால் வயிறு குலுங்கும், பயமும் சேரும். அப்படியே நில்லுங்கள் அல்லது உட்காருங்கள். வேகமாக ஐந்தாறு முறை இறுக்கி விடுங்கள். கால் விரல்களைச் சுருட்டுங்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்து எண்ணுங்கள். முட்டல் அலைபோல ஏறி, ஒரு நிமிடத்துக்குள் பெரும்பாலும் இறங்கும். இறங்கியபின் நடந்து போங்கள். கேட்டில் நிற்கும்போதும் இதே வேலைதான்: சாவியைக் கைப்பையிலிருந்து எடுக்கும் முன்பே இறுக்கி விடுங்கள். குறைந்தது ஆறு வாரம் விடாமல் செய்ய வேண்டும். முதல் இரண்டு வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும்.

தேநீர், கோப்பியில் உள்ள காஃபின் பையைத் தூண்டும். ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரும். ஒரு நாளைக்கு நான்கு கிளாஸ் என்றால் வாரத்துக்கு ஒன்றாகக் குறையுங்கள். கோலாவும் கிரீன் டீயும் இதில் சேர்த்தி. வெறும் தண்ணீரை ஒன்றரை முதல் இரண்டு லிட்டருக்கு ஏற்றுங்கள். நம் ஊர் வெயிலில் வேலை செய்பவர்களுக்கு இன்னும் வேண்டும். சிறுநீர் வைக்கோல் நிறத்தில் இருந்தால் போதுமான அளவு குடிக்கிறீர்கள்.

பயிற்சி போதவில்லை என்றால் மாத்திரை உண்டு. பழைய வகை மாத்திரைகளில் வாய் வறளும், மலம் இறுகும். வயதானவர்களுக்கு மறதியும் குழப்பமும் கூடலாம். கண் அழுத்த நோய் இருந்தால் முதலிலேயே சொல்ல வேண்டும். புதிய வகையான மிராபெக்ரானுக்கு ரத்தக் கொதிப்பு கட்டுக்குள் இருக்க வேண்டும். எதுவானாலும் நான்கு வாரமாவது சாப்பிட்டுப் பார்த்தே முடிவு செய்ய முடியும். தொடங்கும்முன் சிறுநீரைப் பரிசோதித்து, கிருமியும் சர்க்கரையும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 71. இரவில் நான்கு முறை எழுந்திருக்கிறார். போன மாதம் இருட்டில் வழுக்கி விழுந்தார். மாலை ஆறு மணிக்கு மேல் தண்ணீரே தருவதில்லை, அப்படியும் இப்படித்தான். இனிப்பு நீரும் (நீரிழிவு) ரத்தக் கொதிப்பும் உண்டு.
— ஸ்தாப்பாக்

தண்ணீரை நிறுத்தியும் எழுகிறார் என்றால், அந்த நீர் வேறு எங்கிருந்தோ வருகிறது. அம்மாவின் கணுக்காலைச் சாயங்காலம் கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால் பகல் முழுதும் காலில் நீர் தேங்குகிறது. படுத்ததும் அது ரத்தத்துக்குத் திரும்பி, சிறுநீரகம் வழியாக ராத்திரியில் வெளியேறுகிறது. கொதிப்புக்குத் தரும் அம்லோடிப்பின் இப்படிக் கால் வீங்கச் செய்யும். பிற்பகலில் ஒரு மணி நேரம் காலை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி வைத்துப் படுக்கச் சொல்லுங்கள். தேங்கிய நீர் தூங்கப் போகும் முன்பே இறங்கும். இதயம், சிறுநீரகம் காரணமாகவும் கால் வீங்கும் என்பதால் டாக்டர் ஒருமுறை பார்த்தாக வேண்டும். நீர் பிரிக்கும் மாத்திரையை இரவில் சாப்பிடுகிறாரா என்றும் பாருங்கள். நேரத்தை மாற்றலாமா என்று கேளுங்கள்.

இனிப்பு நீருக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மருந்து புதிதாகத் தொடங்கினார்களா? அவை சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மருந்துகள். சிறுநீர் கூடத்தான் செய்யும், கீழே அரிப்பும் பூஞ்சைத் தொற்றும் வரலாம். நல்ல மருந்துகள்; நிறுத்த வேண்டாம், அரிப்பை மறைக்கவும் வேண்டாம். அம்மா சத்தமாகக் குறட்டை விட்டு இடையில் மூச்சு நின்று நின்று எடுக்கிறார் என்றால் அதையும் சொல்லுங்கள், தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோயும் இரவுச் சிறுநீரைக் கூட்டும். நீண்டகால இனிப்பு நீரில் பையின் நரம்பு மந்தமாகி, முழுதாகக் காலியாகாமல் மிச்சம் நிற்பதும் உண்டு. போய்விட்டு வந்ததும் ஸ்கேன் வைத்து மிச்சத்தை அளப்பார்கள்.

தண்ணீரை ஆறு மணிக்கே அடைக்க வேண்டாம். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு நிறுத்தினால் போதும். கட்டிலிலிருந்து குளியலறை வரை சிறு விளக்கு, தரையில் ஈரம் இல்லாமை, கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலிக் கழிப்பான். இவற்றை இன்றைக்கே செய்துவிடுங்கள். 71 வயதில் இடுப்பு எலும்பு முறிவு பெரிய ஆபத்து.

எனக்கு 34. வருஷத்தில் மூன்று நான்கு முறை நீர்க்கடுப்பு வருகிறது. சூடு என்று பாட்டி பார்லி காய்ச்சித் தருவார். போன முறை மிச்சமிருந்த ஆன்டிபயாடிக்கை இரண்டு நாள் போட்டேன், சரியானது. இப்போது மறுபடியும்.
— பிரிக்பீல்ட்ஸ்

'சரியானது' என்பதில்தான் சிக்கல். இரண்டு நாளில் எரிச்சல் அடங்கும், கிருமி அடங்கியிருக்காது. மிச்ச மாத்திரை அடுத்த கிருமிக்குப் பொருந்தும் என்ற உத்தரவாதமும் இல்லை. இனி வந்தால் முதல் மாத்திரைக்கு முன்பே சிறுநீர் மாதிரி கொடுங்கள். முதலில் கொஞ்சம் விட்டுவிட்டு, நடுவில் வருவதைக் குப்பியில் பிடிக்க வேண்டும். வளர்ப்புப் பரிசோதனையில் எந்தக் கிருமி, எந்த மருந்து கேட்கும் என்று தெரியும். தரும் நாட்களை, மூன்றோ ஐந்தோ ஏழோ, முழுதாக முடியுங்கள்.

பார்லியில் பாட்டிக்குப் பாதி மதிப்பெண். அதில் வேலை செய்வது தண்ணீர். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடிக்கும் பெண்கள் அதோடு இன்னொரு ஒன்றரை லிட்டர் சேர்த்தால் நீர்க்கடுப்பு வருவது குறைகிறது. கற்கண்டைக் கொட்டிக் காய்ச்சுவதை மட்டும் விடுங்கள்.

ஃபார்மசியில் எரிச்சலுக்கு ஒரு பொடி தருவார்கள், தண்ணீரில் போட்டால் நுரைக்கும். சிட்ரேட் உப்பு. எரிச்சலைக் குறைக்குமே தவிர கிருமியைக் கொல்லாது. டாக்டர் நைட்ரோஃபுரான்டாயின் தந்திருந்தால் அந்தப் பொடியைச் சேர்க்காதீர்கள். சிறுநீரில் காரத்தன்மை கூடினால் அந்த மருந்து சரியாக வேலை செய்யாது. இதைப் பலர் சொல்வதில்லை.

பெண்களுக்குச் சிறுநீர்க் குழாய் சுமார் 4 செ.மீ. நீளம்தான், பக்கத்தில் இருக்கும் குடல் கிருமி ஏறுவதற்கு அது தூரமே இல்லை. உறவுக்குப் பின் வந்தால் அதை டாக்டரிடம் தயங்காமல் சொல்லுங்கள், அதற்கென்று தடுப்பு முறை உண்டு. விந்தணுக்கொல்லி தடவிய ஆணுறையைத் தவிர்க்கலாம். முன்னிருந்து பின்னாகத் துடைப்பதற்குப் பெரிய ஆராய்ச்சிச் சான்று இல்லை. செலவில்லாத பழக்கம், இருக்கட்டும். வாசனைக் கழுவு திரவம் வேண்டாம். ஆறு மாதத்தில் இரண்டு அல்லது ஒரு வருஷத்தில் மூன்று முறை என்றால் 'திரும்பத் திரும்ப வருவது' என்ற கணக்கில் சேரும், நீங்கள் சேர்ந்துவிட்டீர்கள். மாதவிடாய் நின்றவர்களுக்கு இதே தொல்லை வந்தால், உள்ளே வைக்கும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு நன்றாகத் தடுக்கும். வழக்கமாக முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு வாரத்துக்கு இரண்டு முறை. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் கேட்டுக்கொண்டே தொடங்க வேண்டும்.

குளிர் நடுக்கக் காய்ச்சல், விலாப்பக்க முதுகு வலி, வாந்தி, கர்ப்பம், இவற்றில் எது சேர்ந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் தெரிந்தால், ஒரே ஒரு முறை வந்து நின்றுவிட்டாலும் காட்டுங்கள். கிருமி என்று நினைத்து மாத்திரை மாற்றி மாற்றிப் போட்டுப் பையின் புற்றுநோயைத் தாமதமாகக் கண்டுபிடித்த கதை மருத்துவ உலகில் நிறைய உண்டு.

63 வயதாகிறது. சாயங்காலம் ஆனால் கீழே ஏதோ உருண்டையாகத் தட்டுப்படுகிறது, காலையில் இல்லை. கர்ப்பப்பை இறங்கிவிட்டது, எடுத்துவிட வேண்டும் என்கிறார் அண்ணி. தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் பால்குடம் வேண்டியிருக்கிறேன். எடுக்கலாமா?
— ஜாலான் ஈப்போ

தட்டுப்படுவது கர்ப்பப்பையாக இருக்கலாம், சிறுநீர்ப்பையாகவும் இருக்கலாம், மலக்குடலாகவும் இருக்கலாம். தாங்கும் சுவர் தளர்ந்தால் எது வேண்டுமானாலும் இறங்கும். படுத்தால் மேலே போவதும் நின்றால் இறங்குவதும் அதன் இயல்பு. இது புற்றுநோய் இல்லை, கழன்று விழுந்துவிடாது. அண்ணி சொல்வதுபோல உடனே எடுக்க வேண்டும் என்பதும் இல்லை. தொல்லை தரவில்லை என்றால் சிகிச்சையே தேவைப்படாதவர்கள் பலர்.

தொல்லை இருந்தால், பயிற்சிக்கு அடுத்தபடியாக சிலிக்கோன் வளையம் வைப்பார்கள். உங்கள் அளவைப் பார்த்து உள்ளே பொருத்துவது; அறுவை இல்லை, மயக்க மருந்து இல்லை. பொருத்தியதும் எழுந்து நடந்து, இருமி, குந்தி உட்கார்ந்து, சிறுநீர் போய்ப் பாருங்கள். வளையம் இருப்பதே தெரியாமல் இருந்தால் அளவு சரி. அழுத்தினால் பெரிது, நழுவினால் சிறிது. ஒரு முறையில் அமையாது, இரண்டு மூன்று அளவு மாற்ற நேரலாம். அதற்குள் 'ஒத்துக்கொள்ளவில்லை' என்று விட்டுவிடாதீர்கள். மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துக் கழுவிப் பார்க்க வேண்டும். வைத்ததையே மறந்துவிடுவதுதான் ஆபத்து: உள்ளே புண்ணாகும். ரத்தமோ நாற்றமோ வந்தால் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள், தாங்குவதற்குச் செயற்கை வலை வைப்பார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெண்ணுறுப்பு வழியாக இறக்கத்துக்கு வைக்கும் வலைகளின் விற்பனையை அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019இல் நிறுத்தியது. சொந்தத் திசுவை வைத்தே தைக்கும் முறைகள் இருக்கின்றன.

பால்குடம். இரண்டு லிட்டர் பால் என்றால் குடத்தோடு சுமார் மூன்று கிலோ. தலையில் தாங்குவதால் எடை பெரிய தடை இல்லை. வெறும் வயிறும், நெரிசலில் மணிக்கணக்காக நிற்பதும், 272 படியும்தான் பாடு. சின்னக் குடமாக எடுங்கள். ஒவ்வொரு படிக்கும் மூச்சை வெளியே விட்டு ஏறுங்கள், பிடித்து வைத்துக்கொண்டு ஏறினால் அழுத்தமெல்லாம் கீழேதான் இறங்கும். விரதம் என்றாலும் தண்ணீரைக் குடியுங்கள். கூட்டத்தில் தண்டாஸுக்குப் போக முடியாது என்று முந்தின நாள் இரவே தண்ணீரை நிறுத்துகிறவர்கள்தான் மறுநாள் மயங்குகிறார்கள், மறுவாரம் நீர்க்கடுப்போடு வருகிறார்கள். இறங்கி வந்ததும் அரை மணி நேரம் காலை உயர்த்திப் படுங்கள். முக்கி முக்கி மலம் கழிக்கும் பழக்கம் இருந்தால், பால்குடத்தைவிட அதுதான் உங்களுக்கு எதிரி. உட்காரும் கழிப்பறையில் காலுக்குக் கீழே சின்ன முக்காலி போட்டு முழங்காலை இடுப்புக்கு மேலே உயர்த்தினால் முக்க வேண்டியிருக்காது.

குழந்தை பிறந்து ஐந்து வாரம். தையல் போட்டார்கள். தண்ணீர் குடித்தால் வயிறு போடும் என்று அத்தை அளந்துதான் தருகிறார். வயிற்றை இறுக்கிக் கட்டியிருக்கிறேன். தோழி மாசிக்காய் மாத்திரை வாங்கி உள்ளே வைக்கச் சொல்கிறாள், இறுகுமாம்.
— பத்து கேவ்ஸ்

தண்ணீரால் வயிறு போடாது. பால் கொடுப்பவருக்குத் தாகம் கூடத்தான் செய்யும், கேட்கும்போதெல்லாம் குடியுங்கள். வெந்நீராகத்தான் தருவேன் என்றால் அத்தையோடு சண்டை வேண்டாம், வெந்நீரும் தண்ணீர்தான். மலம் இறுகினால் தையலுக்கு வலி.

கட்டு இடுப்புக்கு ஆதரவாக இருக்கலாம். மூச்சு முட்டும் அளவு இறுக்கினால் அழுத்தம் கீழே போகும். நான்கு விரல் தாராளமாக நுழைகிற மாதிரி இருக்கட்டும். மாசிக்காய், பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மஞ்சக்கானி என்று விற்பதும் அதுதான், துவர்ப்புச் சத்து நிறைந்தது. தோலைச் சுருக்கி வறளச் செய்யும், தசைக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஆறாத தையலில் வைக்கவே வைக்காதீர்கள். செந்தூல் வாசகிக்குச் சொன்ன பயிற்சியை வலிக்காத அளவில் இன்றே தொடங்கலாம். குதிப்பதும் ஓடுவதும் மூன்று மாதம் கழித்து. மலமோ வாயுவோ கட்டுப்படாமல் வெளியேறினால் 'பிள்ளை பெற்றால் அப்படித்தான்' என்று யார் சொன்னாலும் கேட்காமல் டாக்டரைப் பாருங்கள், ஆசனவாய்த் தசை கிழிந்திருக்கலாம்.

29 வயது. கசிவு இல்லை. சிறுநீர் தொடங்கவே நேரமாகிறது, உறவில் வலி, அடிவயிறு கனம். கெகல் செய்தால் இன்னும் வலிக்கிறது.
— பங்சார்

கெகலை இன்றே நிறுத்துங்கள். உங்கள் தசை பலவீனமாக இல்லை, தளரத் தெரியாமல் இறுகிக் கிடக்கிறது போலிருக்கிறது. இறுகிய கையை இன்னும் இறுக்கினால் வலிக்காமல் என்ன செய்யும்? பொதுக் கழிப்பறையில் இருக்கையைத் தொடாமல் அரைகுறையாகக் குந்தி நிற்கும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். அந்த நிலையில் இடுப்புத்தளம் (தூளி என்று சொன்ன தசைகள்) தளராது. இருக்கையில் தாள் விரித்து முழுதாக உட்காருங்கள். மூச்சை வயிறு உப்ப இழுத்து, அடிப்பகுதி விரிவதை உணர்ந்தபடி ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு முறை. இடுப்புத்தளப் பிசியோவிடம் நேரில் போக வேண்டிய பிரச்சினை இது. எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது) இருக்கிறதா என்றும் மகளிர் மருத்துவர் பார்க்க வேண்டும். திடீரென்று சிறுநீரே வராமல் நின்றுபோனால், அல்லது தொடையிடுக்கு மரத்துப்போய்க் கால் பலவீனமானால், உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அது முதுகுத்தண்டு நரம்பின் பிரச்சினை.

எங்கே போவது? ஆண் டாக்டர் என்றால் வேண்டாம். உள்ளே கைவிட்டுப் பார்ப்பார்களா?
— பல வாசகிகள்

அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையத்தில்) தொடங்குங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். சிறுநீரும் சர்க்கரையும் அங்கேயே பார்த்துவிடுவார்கள். தேவைப்பட்டால் சுராட் ருஜுகான் (பரிந்துரைக் கடிதம்) எழுதி ஆஸ்பத்திரியின் மகளிர் நிபுணருக்கோ பிசியோவுக்கோ அனுப்புவார்கள். பதிவு செய்யும்போதே மிஸ்ஸியிடம் (தாதியிடம்) பெண் டாக்டர் வேண்டும் என்று கேளுங்கள், தவறாக நினைக்க மாட்டார்கள். ஆண் டாக்டரே இருந்தாலும் பரிசோதனையின்போது ஒரு மிஸ்ஸி கூடவே இருப்பார். உள்ளே பார்ப்பதா வேண்டாமா என்பது உங்கள் சம்மதம். முதல் நாளே வேண்டாம் என்று சொல்லலாம்.

மூன்று நாள் கணக்கையும், சாப்பிடும் எல்லா மாத்திரையின் உறைகளையும் கொண்டுபோங்கள். வெட்கப்பட்டு வீட்டிலிருந்து கிளம்பும்போதும் கிளினிக்கில் இறங்கியதும் காலி செய்துவிட்டுப் போகாதீர்கள். மாதிரி கொடுக்க வேண்டும், பிறகு இருமச் சொல்லிக் கசிகிறதா என்று பார்ப்பார்கள். பையில் கொஞ்சமாவது இருந்தால்தான் ஏதாவது தெரியும்.